மோட்டார் கூவும் சுருதி

டப்பென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே கருவாடு தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம், கார் ஷெட்டுக்குள் புகை எழும்பி இரும்பைச் சீவுகிற மில்லிங் மெஷினின் தலையைச் சுற்றிக்கொண்டு நிற்க, சுவிட்சில் வைத்த விரலை எடுக்கவும் மறந்து சென்னியப்பன் நின்றிருந்தார், நின்றுகொண்டே இருக்கிறார், அது நடந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, செத்துப்போன டிரைவைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துகிற இந்த மத்தியானத்திலும் அந்த விரல் அந்தச் சுவிட்சின்மேல்தான் இருக்கிறது. மெஷின் அவருடையதல்ல, மகன் தரணியுடையது, பகலெல்லாம் பம்பு கம்பெனியில் இரும்போடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் இரும்புதானாடா என்று கேட்பார், அங்க செய்யறது சோத்துக்குங்கப்பா, இது எனக்கு, என்று சிரிப்பான், பழையதாய் வாங்கிய சின்ன மெஷின், அதற்குத் தன் கையாலேயே டிரைவ் வைத்தான், செங்கல் பருமனில் ஒரு பெட்டி, மோட்டாரின் வேகம் அது சொல்கிறபடிதான், வேகம் மட்டுமா, மோட்டார் எந்தச் சுருதியில் கூவவேண்டும் என்பதற்கும் அதற்குள் ஓர் எண் உண்டு, தரணி ஏதோ ஓர் எண்ணை வைத்திருந்தான், சன்னமாக ஒரு ஈஈஈ, சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கும், அடுப்படியில் அவன் அம்மா பாவாத்தாளுக்கு அதுதான் கடிகாரம், கேட்டுக்கொண்டிருந்தால் பையன் வீட்டில் இருக்கிறான், நின்றால் தோசைக்கல்லை அடுப்பில் போடலாம், கல் காய்வதற்கும் அவன் கை கழுவிக்கொண்டு வருவதற்கும் சரியாக இருக்கும்.

காய்ச்சல் என்று படுத்தவன், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றி வந்தான், இருபத்தேழு வயசு. காரியம் முடிந்த மறுநாள் சென்னியப்பன் ஷெட்டைப் பூட்டினார், முப்பத்தைந்து வருஷம் டூல்ரூமில் கிடந்த மனுஷன் அல்லவா, சும்மா பூட்டுவாரா, ஒவ்வொரு பாகமாய்த் துடைத்து, கிரீஸ் தடவி, பழைய வேட்டியால் போர்த்தி, ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், இப்படி மூடி வைத்தால் நூறு வருஷம் ஆனாலும் ஒன்றும் ஆகாது என்று உள்ளுக்குள் பெருமை வேறு. ஏனுங்க, மாசத்துக்கு ஒருக்காவாச்சும் போட்டு உடுங்க, சும்மா ஓடட்டும், அவன் இருக்கற மாதிரி இருக்குமில்லீங்க, என்று பாவாத்தாள் கேட்டாள், கெஞ்சினாள், பேசாம இரு அம்மிணி, அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்கு உசுரு போயிரும், என்று இவர் கத்தினார், ஆமாம், இவருடைய உசுருதான் பெரிய உசுரு, பாவி மனுஷன், அவளுக்கு அந்தச் சத்தத்தில்தான் உசுரு ஒட்டிக்கொண்டிருந்தது என்பது உறைக்கவே இல்லை, அப்புறம் அவள் கேட்கவில்லை, மூன்று வருஷம் ஷெட் திறக்கவில்லை, மூன்றாவது வருஷக் கடைசியில் ஒருநாள் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்க அவள் பக்கத்திலேயே நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

காது நரம்பு போகுது, சன்னமான சத்தமெல்லாம் முதல்ல போகும், பேச்சு கடைசியாப் போகும், போனது திரும்பாது, காதுல மெஷின் வெச்சாலும் பேச்சு ஏதோ கொஞ்சம் கேக்கும், அவ்வளவுதான், என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் இவர் பக்கம் சாய்ந்து, காது முழுசா அடைக்கறதுக்குள்ள அந்தச் சத்தத்த ஒருக்கா கேக்கோணுமுங்க, ஒரே ஒருக்கா, என்றாள். வீட்டுக்கு வந்த கையோடு பூட்டைத் திறந்தார், வேட்டியை உருவினார், துளி துரு இல்லை, ஃப்யூஸைச் செருகினார், சுவிட்சைப் போட்டார், டப். சத்தி ரோட்டில் டிரைவ் ரிப்பேர் பார்க்கிற எஸ்தர் பெட்டியைப் பிரித்தவுடனே நிமிர்ந்து பார்த்தாள், ஏனுங்கய்யா, எத்தன வருசமா கரண்டே குடுக்காம வெச்சிருந்தீங்க, மூணு வருஷம் அம்மிணி, அதானுங்க, உள்ளாற இருக்கற கண்டன்சரு கரண்ட் பாக்காமக் கெடந்தா வலுவத்துப் போயிருமுங்க, அப்பறம் ஒரே மூச்சுல முழுக் கரண்டையும் குடுத்தா வெடிக்காம என்ன பண்ணும், மாசத்துக்கு ஒருக்காப் போட்டு உட்டிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும். மாசத்துக்கு ஒருக்கா. அந்தப் பெண் போகிற போக்கில் சொன்னாள், பாவாத்தாள் சொன்ன அதே வார்த்தை, இரும்பைக் காப்பாற்றத் தெரியும் என்ற திமிரில் இவர் பெட்டியைத் தன் கையாலேயே கொன்றிருக்கிறார். அதுக்குள்ள எம்பையன் வெச்சிருந்த சுருதி நம்பரையாச்சும் எடுக்க முடியுமா, போர்டே கருகிப்போச்சுங்கய்யா, எங்கயாச்சும் எழுதி வெச்சிருந்தாருங்களா, தரணியா எழுதி வைக்கிறவன், எல்லாம் தலைக்குள்ளேதான் வைத்திருந்தான். பழசாயிருச்சாம், வேற போடோணுமாம், என்று பாவாத்தாளிடம் சொன்னார், அவளும் நம்பினாள்.

புதியது வந்து சேர ஒரு மாதம், அந்த ஒரு மாதத்தில் அவளுக்கு அணில் கத்துவது போயிற்று, காலிங்பெல் போயிற்று, எண்ணிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு வந்துவிட்டது, வயர்களை முறுக்கியாயிற்று, மூடியைப் போட்டாயிற்று, ஷெட்டுக்கு எதிரே அடுப்படி வாசலில் அவள் ஈரக்கையோடு நிற்கிறாள், போட்டுட்டேன் அம்மிணி, என்று கத்துகிறார், மோட்டார் ஓடுகிறது, பூனை நடக்கிற மாதிரி, புதுசு அல்லவா, சத்தமே வரக்கூடாது என்று செய்து அனுப்பியிருக்கிறார்கள், ஒண்ணுமே கேக்கலீங்க, எனக்குந்தான் கேக்கல, சித்தெ இரு. பன்னிரண்டில் இருந்த சுருதி எண்ணைக் குறைக்கிறார், பத்து, எட்டு, எங்கேயோ ஒரு கொசு பாடுகிறது, இது இல்லை, ஆறு, இதுவும் இல்லை, நிறுத்தி, மாற்றி, மறுபடி போட்டு, ஐந்து, வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, நான்கு, ஈஈஈ. ஐயோ, இதுதான், இதேதான், மத்தியானத்திலேயே மணி ஆறரை, கிழிந்த பனியனோடு அவன் முதுகைக் காட்டி நிற்கிறான், அப்பா, அளக்கோணும், அந்த வெர்னியர எடுங்க, எடுத்துக் கொடுக்க இவர் கை நீண்டுவிட்டது, காற்றைத்தான் பிடித்தது, மெஷினைப் பிடித்துக்கொண்டு அழுதார், மூன்று வருஷமாய் அழாத அழுகை, அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளுக்குக் காட்டத் திரும்பினார்.

பாவாத்தாள் அதே இடத்தில் நின்று, முந்தானையில் கையைத் துடைத்தபடி, காதை ஷெட்டுப் பக்கம் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். சீவுகிற கட்டர் மாட்டாத மெஷின் தண்டு வேகமாய்ச் சுற்றும்போது பார்ப்பவருக்கு நிற்கிற மாதிரிதான் தெரியும். ஏனுங்க, இன்னும் போடலீங்களா, என்று கேட்டாள்.

ஷெட் முழுக்க அவன் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. இல்ல அம்மிணி, இன்னொரு சாமான் வரோணும், என்று கத்தினார்.

செரி, வெரசா வரச் சொல்லுங்க, எனக்கு நாளுக்கு நாள் அடைச்சுக்கிட்டே வருதுங்க, என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.