கரடிக்கு முளைத்த கால்

மதியம் இரண்டு மணிக்கு அவன் ஆவணத்தைத் திறந்தபோது கரடியைக் காணவில்லை. முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தில் கண்ணில் பட்டதெல்லாம் காடிதான். காடி மாத்தில் ஏறியது. காடி தேன் குடித்தது.

அவன் மைத்துனனைப் போனில் கூப்பிட்டான். மனைவியின் தம்பி, குழந்தைகளுக்குப் படப்புத்தகம் போடும் சின்னப் பதிப்பகத்தை ஒற்றை ஆளாய் நடத்துகிறவன்.

"டேய், என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே மாமா. அம்மா கதைய ஏதோ அந்தக் காலத்து எழுத்துருவுல அடிச்சிருந்தாங்க. அத புதுசுக்கு மாத்தினேன், துணைக்கால் எல்லாம் ர ஆயிடுச்சு. மாமான்னு இருந்த இடத்துல மரமரன்னு நிக்குது. சரி, ர எல்லாத்தையும் காலாக்கிடுவோம்னு ஒரே ஒரு தட்டு தட்டினேன்."

"அப்ப நிஜமான ர?"



"அது வேற இருக்குல்ல" என்றான் மைத்துனன்.

பழைய பிரதிக்குத் திரும்பலாம். அதில் எல்லாமே ர. இதில் எல்லாமே கால். கதையை எழுதிய அத்தையின், அவன் மாமியாரின், கணினியோ போன வாரமே பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. நான்கு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் இயந்திரம் அடுத்த மாதம்தான் கிடைக்கும். சனிக்கிழமை நூலகத்தில் நாற்பது குழந்தைகள் முன்னால் அத்தை தன் முதல் புத்தகத்தை வாசிக்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் முதல் புத்தகம். புதுக் கண்ணாடிகூட வாங்கிவிட்டார்.

அவன் பிழைதிருத்துபவன். மனைவி இறந்து ஒன்பது மாதம். பிழை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும் வேலை தோதாக இருந்தது.

திரையில் ரோஜா நிறத்தில் ஒரு குறி முளைத்தது. அத்தை தன் கைபேசியில் அதே ஆவணத்தைத் திறந்து, அழைப்பிலும் சேர்ந்துகொண்டார்.

"மாப்ள, என் கரடி எங்க?"

"உங்க பிள்ளை காலை வாரிவிட்டுட்டான் அத்தை."

"வாரலையே மாமா, வச்சுல்ல விட்டேன்!"

"நீ கீபோர்ட்ல கை வைக்காத. மணி மட்டும் சொல்லு."

தேடல் பெட்டியில் அந்தக் காலைக் கொடுத்தால் எண்ணூற்றுப் பத்தொன்பது என்றது. மூன்றாம் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போனான். கதை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் பக்கத்தில் சமர்ப்பணம் மட்டும்; அதில் என்ன பிழை வந்துவிடப்போகிறது என்று மைத்துனனிடம் முன்பே சொல்லியிருந்தான். இதுவரை திறந்ததில்லை.

உடைந்து நின்ற சொற்கள் தாமே கண்ணில் பட்டன. ஒழுங்குப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தவைதான் ஆபத்து. பதினெட்டாம் பக்கத்தில் அவன் நின்றுவிட்டான். காடி காடியைக் குடித்தது.

"அத்தை, இதுல எது கரடி?"

"முன்னாடி நிக்கறது. பின்னாடி இருக்கறது நிஜமாவே காடி, புளிச்ச கஞ்சி. குடிச்சிட்டு மூஞ்சியக் கோணிக்கும்."

"அத ஏன் குடிக்குது? தேன் தீர்ந்துடுச்சா?"

"கேள்வி கேக்காம காலை எடுங்க மாப்ள."

"மூணு இருபது" என்றான் மைத்துனன், யாரும் கேட்காமலே.

கடைசிப் பக்கம் முடிந்தது. அவன் விரல் பழக்கதோஷத்தில் இன்னொரு முறை தட்டியது. தேடல் சுற்றிக்கொண்டு முதலுக்குப் போய், இரண்டாம் பக்கத்தில் நின்றது.

என் குாங்குக்கு.

நடுவில் புள்ளி புள்ளியாய் ஒரு வட்டம், அதன் தோளில் ஒரு கால். அத்தை தன் மகளை, அவன் மனைவியை, குரங்கு என்றுதான் கூப்பிடுவார். கோபத்துக்கும் அதே பெயர், கொஞ்சலுக்கும் அதே பெயர். ரோஜா நிறக் குறி அந்த எழுத்தின் அருகில் துடித்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா இங்க நிக்கறீங்க அத்தை?"

"அரை மணியா."

"நீங்களே திருத்தியிருக்கலாமே."

"திருத்தியிருக்கலாம். நீங்க இந்தப் பக்கம் வரட்டும்னு பார்த்தேன்." கொஞ்சம் விட்டு, "எழுத்துலகூடக் கோணலாத்தான் நிக்கறா பாருங்க" என்றார்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் சத்தமாகவே. அந்தப் பக்கம் அத்தையும் சிரித்தார். சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். மைத்துனன் மணி சொல்லவில்லை.

அவன் காலை அழித்தான். ர வைத்தான். வட்டம் மறைந்து, குரங்கு நேராக நின்றது. இன்னொரு முறை படித்தான். பிழை இல்லை.

"மூணு அம்பத்தாறு" என்றான் மைத்துனன். "அனுப்பட்டுமா?"

"அனுப்பு."

"இருங்க, பதினெட்டாம் பக்கத்துல ஒரு காடி அப்படியே இருக்கே! விட்டுட்டீங்க மாமா. ஒரே ஒரு தட்டு..."

"கைய எடுடா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.