அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு ஒரு விளக்கம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஓர் எண்ணாகத்தான் வந்து சேர்ந்தது. 612. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் சோதிப்பது என் வேலை. கதை எழுதுவது என் வியாதி. காசநோய் நுரையீரலை அரிக்கும்போது ரத்தத்தில் எல்டிஹெச் என்றொரு நொதி ஏறும். மாத்திரை வேலை செய்தால் இறங்கும். தையல்காரரான என் அக்கா கணவருக்குத் தொடக்கத்தில் 540. இரண்டு மாத மாத்திரைக்குப் பிறகு 612.

2.
முதல் தொடக்கம்: “தையல் இயந்திரம் இருமியது...”

(அடித்துவிட்டேன். இயந்திரம் இருமாது. மாமாதான் இருமினார்.)

இரண்டாம் தொடக்கத்தில் பழியை ஊசிமேல் போட்டேன். ரத்தம் எடுக்கையில் அணுக்கள் உடைந்தால் இந்த எண் பொய்யாக ஏறும். மறுபடி எடுத்துப் பார்த்தேன். 605. ஊசி நிரபராதி.

3.
கடைக்கே போய்க் கேட்டேன்.

“மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா மாமா?”

“கடிகாரம் மாதிரி, மாப்ளே.”

(அவர் கடையில் கடிகாரம் ஓடி நான் பார்த்ததில்லை.)

கடையில் கூட இருந்த அக்கா நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள். பிரிக்காத மாத்திரை அட்டைகள் விழுந்தன. மூன்று வாரத்துக்கானவை.

இந்த இடத்தில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை. ஒரு வெள்ளைக் கோட்டை விரித்துக் காட்டினார். காலரில் ஆரஞ்சுக் கறை.

“அந்த மாத்திரையப் போட்டா வேர்வையே இந்த நிறத்துல வருது. நாப்பது கோட்டு தைக்கணும். சொட்டுச் சொட்டா விழுந்தா எவன் வாங்குவான்?”

“யாருக்குத் தைக்கிறீங்க?”

“உங்க ஆஸ்பத்திரி டாக்டருங்களுக்குத்தான்.”

(கற்பனையாக இருந்தால் மிகை என்று நானே வெட்டியிருப்பேன்.)

அக்கா சிரிக்கவில்லை. “கறை போனா போகுது, இன்னொரு கோட்டு தைச்சுக்கலாம். நீங்க போயிட்டா...” அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்க மாட்டேன்.

4.
மருத்துவர் திட்டிவிட்டுச் சிகிச்சையை முதலிலிருந்து தொடங்கினார். மாமா நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு தைத்தார். தினமும் அக்கா அவர் நாக்கடியில் எட்டிப் பார்த்த பிறகுதான் தண்ணீர்ச் செம்பைத் திரும்ப வாங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து 338. இறங்கியிருக்கிறது, இயல்புக்கு வரவில்லை. இந்த ஓர் எண்ணை வைத்து எந்த மருத்துவரும் தீர்ப்பு எழுத மாட்டார். எழுத்தாளன் எழுதுவான். மூன்று முடிவுகள் எழுதினேன்.

அக்கா கேட்டாள்: “மூணுல எதுலயாவது அவர் சாகுறாரா?”

“ரெண்டாவதுல.”

“கிழி.”

“அக்கா, இலக்கியத்துல பார்த்தா...”

“கிழிடா.”

கிழித்துவிட்டேன். மீதி இரண்டிலும் மாமா தைத்துக்கொண்டிருக்கிறார்; எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.