மேசையின் நான்காவது கால்

மனித உடம்பில் இருக்கும் கோடானுகோடி செல்களில் உருப்படாதது ஸ்டெம் செல் ஒன்றுதான் என்று அண்ணன் அறிவித்தபோது, அவருடைய தம்பி சாப்பாட்டு மேசையின் நான்காவது காலாக இருந்தான். காலையில் கால் உடைந்ததுமே அடியில் போய் உட்கார்ந்து தலையால் தாங்கியவன், மதியத்துக்குள் கழுத்து வரை தேக்காகிவிட்டான். மேசை ஆடவில்லை.

அண்ணனை மறுத்துப் பேச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கி முன்னால் உட்காருகிறவர் அவர் ஒருவர்தான். சிவப்பணுவைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும்: ஆக்சிஜன் சுமக்க இடம் வேண்டுமென்று தன் உட்கருவையே துறந்து, நாலு மாதம் ஓடி உழைத்துச் செத்துப்போகிற ஜீவன். தசை செல் சுருங்கும், தளரும், வேறு பேச்சு கிடையாது. நரம்பு செல் முதுகிலிருந்து கால் விரல் வரை ஒற்றைக் கையை நீட்டிச் சேதி சொல்லும், அநேகமாக ஆயுள் முழுக்க.

"ஸ்டெம் செல் என்ன பண்ணுது? எலும்பு மஜ்ஜைக்குள்ள உக்காந்துக்கிட்டு, என்னவா வேணும்னாலும் ஆவேன்னு சொல்லிட்டு ஒண்ணும் ஆகாம கெடக்குது. இவன மாதிரி."

மஜ்ஜையில் இருப்பது பெரும்பாலும் இரத்த அணுக்களாகத்தான் ஆகும், எதுவாகவும் ஆகக்கூடியது ஆரம்பக் கருவில் இருப்பது என்பதை அவர் ஆத்திரத்தில் விட்டுவிட்டார்.

"தண்ணி சிந்துது அண்ணே, என் தலமேல" என்றது மேசையடி.

அண்ணனுக்கு வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை. பள்ளிக்கூட மணி திருடுபோன வருடம் தம்பி மணியாகத் தொங்கினான். விளக்குக் கம்பம் சாய்ந்த மழைக்காலம் முழுக்கத் தெருமுனையில் எரிந்தான். குழாய் ஒழுகினாலும் அண்ணி, "தம்பி எங்க?" என்றுதான் கேட்டாள். அண்ணனிடம் ஊரார் கேட்டதெல்லாம் ரிப்போர்ட் எப்போது வரும் என்பது மட்டுமே.

பிறகு ஒருநாள் அண்ணன் தன் இரத்தத்தையே கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தார். கல்யாணம் முடிந்த மண்டபம் போல வெறிச்சென்று இருந்தது. மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டதென்றும், தம்பியின் ஸ்டெம் செல் பொருந்துகிறதென்றும் டாக்டர் சொன்னார்.

"அவன்கிட்ட வாங்கறதா? அதுக்கு நான் செத்தே போயிடுவேன்."

"போங்க" என்றாள் அண்ணி. "உங்க வேலையையும் தம்பியே பாத்துப்பாரு."

அண்ணன் மறுநாளே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மருந்தால் பழைய மஜ்ஜையை ஒழித்துக்கட்டி, தம்பி கொடுத்த செல்களைச் சொட்டுச் சொட்டாக இரத்தக் குழாயில் இறக்கினார்கள். அவை யாரிடமும் வழி கேட்காமல் எலும்புக்குள் போய்ச் சேர்ந்தன. சில சிவப்பணுவாயின, சில கிருமியை விரட்டும் வெள்ளணுவாயின, சில காயத்தை அடைக்கும் தட்டணுவாயின. கொஞ்சம் மட்டும் எதுவும் ஆகாமல், அடுத்து என்ன குறையுமோ என்று உட்கார்ந்திருந்தன. அண்ணனின் இரத்த வகையே தம்பியுடையதாக மாறிப்போனது. மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு, "இதுலயுமா இவன்" என்றார். நுண்ணோக்கியில் எவ்வளவு தேடியும் குறை சொல்ல ஒரு செல்லும் அகப்படவில்லை.

அந்த வருடக் கடைசியில் தம்பி ஆற்றுப்பாலத்துக்குத் தூணாகப் போயிருந்தான், வர நாளாகும். வீட்டில் மேசைக்கால் மறுபடி உடைந்தது. அண்ணி தச்சரைத் தேடிப் போனாள். அண்ணன் வாசலைப் பார்த்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

தச்சர் கிடைக்காமல் திரும்பிய அண்ணி, மேசையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். அடியில் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்வா இருக்கு" என்றாள்.

மேசை லேசாக உயர்ந்து, சமமாக நின்றது.