பொன்செல்வி வீட்டு உரக்குழி

பொன்செல்வி பின்வாசலில் காம்பவுண்டுச் சுவரோரம் குழி தோண்டி, உரத்துக்கென்று குப்பை சேர்த்து வந்தாள். காய்கறித் தோல், பழைய சோறு, மீன் குடல், ஞாயிற்றுக்கிழமைக் கறியெலும்பு எல்லாம் அதில்தான் விழும். ஐப்பசி மழையில் நனைந்ததும் குப்பை அழுகி நாறியது. புழு நெளிந்தது. அடியில் பெருச்சாளிகள் வளை தோண்டிக் குடியேறின.

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கப்பழம் அண்ணாச்சி வீடு. பலசரக்குக் கடைக்காரர். நாட்டுக்கோழி வளர்த்தார். நாற்றம் தாங்கவில்லை என்று இரண்டு தடவை தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். பொன்செல்வி மேலாகக் கொஞ்சம் சாம்பலைத் தூவினாள். அவள் கணவன் லிங்கேஷ், என் வீட்டுக்குள் என்ன கிடந்தால் அவருக்கென்ன என்றான்.

ஒருநாள் காலையில் அண்ணாச்சி கூண்டைத் திறந்தபோது பதினோரு குஞ்சுகளும் கழுத்துக் கடிபட்டுச் செத்துக் கிடந்தன. தாய்க்கோழி ஒரு கால் போய்த் துடித்துக்கொண்டிருந்தது. அவரே அதன் கழுத்தைத் திருகினார். கையில் ரத்தம் காயுமுன் கடப்பாரையோடு வந்து பொன்செல்வியின் குழியைக் குத்திக் கிளறினார். ஓடிய பெருச்சாளி ஒன்றை ஒரே குத்தில் கொன்றார்.

சத்தம் கேட்டு லிங்கேஷ் மம்பட்டியோடு வந்தான்.

"யாரக் கேட்டு உள்ள வந்தீரு வே?"

அண்ணாச்சி செத்த பெருச்சாளியை வாலைப் பிடித்துத் தூக்கி அவன் நெஞ்சில் எறிந்தார்.

"நீ வளத்த பிள்ளைதாம்ல இது. வச்சுக்கோ."

லிங்கேஷ் மம்பட்டியை ஓங்கினான். பொன்செல்வி குறுக்கே பாய்ந்து கையை நீட்டினாள். அடி அவள் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

அண்ணாச்சிதான் பைக்கை எடுத்தார். லிங்கேஷ் பின்னால் உட்கார்ந்து அவளைத் தாங்கிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தபோது, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான்.

"வழுக்கி விழல டாக்டர். இவரு மம்பட்டியால அடிச்சாரு," என்றாள் பொன்செல்வி.

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். லிங்கேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

மாவுக்கட்டோடு வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு ஆண்களையும் வளையைத் தோண்டச் சொன்னாள். லிங்கேஷ் தோண்ட, வெளியே வந்த நான்கையும் அண்ணாச்சி கம்பால் அடித்துக் கொன்றார். கடைசியில், கண் திறக்காத ஏழு குட்டிகள் சிவப்பாகக் கிடந்தன. அண்ணாச்சி கை ஓங்காமல் நின்றார்.

"அதையும்தான் அண்ணாச்சி," என்றாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தார்.

அதன்பிறகு குழியின் அடியில் கம்பிவலை விரித்தாள். மீனும் கறியும் சோறும் போடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் காய்ந்த வேப்பஞ்சருகால் மூடி, இடது கையாலேயே வாரம் ஒருமுறை கிளறினாள். இரண்டு வாரத்தில் நாற்றம் நின்றது. அண்ணாச்சி புதிதாகக் குஞ்சு இறக்கினார்.

லிங்கேஷ் பல தடவை மன்னிப்புக் கேட்டான். அவள் அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பதில் மட்டும் சொல்லவில்லை.