ஒரே ஆளுக்கு இரண்டு எண்

“நூத்தி எண்பத்தேழுக்கு எண்டோஸ்கோப்பி பண்ண லெட்டர் எழுதிக் குடுங்க, சார்.”

எந்த எண்ணுக்காகவும் எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வேலைக்குச் சேர்த்தார்கள். இது ஆராய்ச்சி, சிகிச்சை இல்லையாம். மூணாறு எஸ்டேட்டின் லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முந்நூறு பேரிடம் ரத்தம் எடுத்தோம். அதிலுள்ள புரதங்களை வைத்து, யாருக்கு இரைப்பைப் புற்றுநோய் இருக்கலாம் என்று செயற்கை நுண்ணறிவு கணிக்கும். சந்தேகமான எண்கள் சிவப்பாக வரும். அவற்றைப் பட்டியலிடுவது என் வேலை. எங்கள் லயத்தின் முதல் பி.எஸ்சி. நான். பெயர்கள் டாக்டர் பூபதிராஜாவிடம் மட்டும்தான் இருக்கும்.

அவர் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர். மறுக்கும்போதும் மரியாதை குறையாது. “அது முடியாதுங்கம்மா. மெஷின் சொல்றது இன்னும் நிரூபணமாகலீங்க.”

“அந்த நம்பர்ல அன்னாள்னு பேரு இருக்கும். ரத்தம் எங்கம்மாவோடது.”

எஸ்டேட்டில் ஒருத்தியால் வர முடியாவிட்டால் இன்னொருத்தி அவள் பேருக்கு நிற்பாள். கங்காணியும் கண்டுகொள்வதில்லை. முகாம் நாளில் அன்னாள் சித்தி கொழுந்து பறிப்பதை விட்டு வரவில்லை. சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் ஆகவேண்டும். காலையிலேயே ஊசி குத்திக்கொண்டுவிட்ட என் அம்மா கத்தரீனாள், “அவ பேருக்கும் நானே உக்காருதேன், கையென்ன தேஞ்சா போவும்” என்று மறு கையை நீட்டினாள். குழாயில் அன்னாளின் எண் ஸ்டிக்கரை ஒட்டியது நான். தப்பு என்னுடையதுதான்.

“அம்மாவோட சொந்த நம்பர் நூத்திப் பன்னெண்டு. அதுவும் சிவப்பு, சார்.”

டாக்டர் திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஒரே ஆளு, ரெண்டு குழாய். ரெண்டுலயும் அதே புரதங்க. மெஷின் தடுமாறவே இல்லீங்க.”

அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. மூன்று மாதமாக அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை என்று நானே சொன்னேன். தடுமாறாத மெஷினை நம்பி ஒரு லெட்டர் எழுதலாமே என்றேன்.

மலர்ச்சி போயிற்று. ஆள் மாறியது தெரிந்தால் முந்நூறும் குப்பைக்குப் போகும், என் வேலையும் போகும் என்றார். நூற்று எண்பத்தேழைச் சத்தமில்லாமல் நீக்கிவிடலாமாம். “அம்மாவ அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க.”

நானும் முப்பது நாளாகச் சிவப்பு எண்களை வெறும் எண்களாகத்தான் தட்டச்சிட்டேன். அடையாள அட்டையைக் கழற்றி அவர் விசைப்பலகை மேல் வைத்தேன்.

“அன்னாள் சித்திகிட்ட நானே சொல்லிக்கிடுதேன் சார், அவ ரத்தத்த யாரும் பாக்கவே இல்லன்னு.”

போடிமெட்டு வழியாகத் தேனிக்குக் காலையிலேயே ஜீப் பேசியிருந்தேன். லெட்டர் இருந்தால் பெரியாஸ்பத்திரியில் சீக்கிரம் பார்ப்பார்கள் என்றுதான் மாடியேறினேன். ஜீப்பின் முன் சீட்டில் அம்மா காத்திருந்தாள். டாக்டர் கூப்பிடக் கூப்பிட, கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் படியிறங்கினேன்.