சுவரைப் பார்த்து எரிந்த விளக்கு

மாலை வகுப்பில் வயரிங் படிக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வாத்தியார் ஜோடி சேர்த்தபோது எனக்குப் புயல் வாய்த்தாள். அந்தப் பெயரை அவளே வைத்துக்கொண்டாள். “மத்தவங்க வைக்கிறதுக்குள்ள முந்திக்கிட்டேன்” என்றாள். பதற்றம் ஏறினால் கையில் இருப்பது பறக்கும். போன வாரம் ஸ்க்ரூடிரைவர் பறந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. செய்முறைத் தேர்விலும் அப்படி நடந்தால் வகுப்பில் அவளுக்கு இடமில்லை என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

நான் உட்கார்ந்து அவளுக்கு ஒரு திட்டம் எழுதினேன். எப்போது மூச்சை இழுத்து விடுவது, எப்போது தண்ணீர் குடிப்பது எல்லாம் அதில் இருந்தது. சந்தேகம் வந்து திரும்பவும் எழுதினேன். அவள் படித்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. இதுல நான் எங்கே?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “சரி, உனக்கு எதுதான் ஆகாது?”

“யாராவது என் கையையே பாத்துக்கிட்டிருந்தா பத்திக்கிட்டு வரும். நீயும் அதைத்தானே பண்றே.”

அவளுக்காக வாத்தியாரிடம் பேச எழுந்தேன். என்னை உட்கார வைத்துவிட்டு அவளே போனாள்.

“சார், தேர்வுல என் வயரிங் பலகையைச் சுவர்ப் பக்கமா திருப்பிக்கிறேன். முடியலைன்னா எல்லாத்தையும் கீழ வச்சுட்டு வெளியே போவேன். திரும்பி வருவேன்.”

“எவ்வளவு நேரத்துல?”

“கோபத்துக்கு டைம்டேபிள் கிடையாது சார்.”

வாத்தியார் தலையைச் சொறிந்தார். “கண்ணாடி வாங்கி மாளலம்மா. சரி, செஞ்சு பாரு.”

தேர்வில் படிக்கட்டு விளக்கு வந்தது: மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒன்று, இரண்டுக்கும் ஒரே பல்ப். அவள் முடித்துவிட்டுச் சுவிட்சைப் போட்டாள். எரியவில்லை. அவள் தோள் இறுகியது. ஸ்க்ரூடிரைவரை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். நானும் எழுந்தேன்.

“நீ எங்கே கிளம்பிட்டே?” என்றார் வாத்தியார்.

உட்கார்ந்தேன். வராமலே போய்விட்டால்? வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தாள். ஒன்று கையோடு வந்தது. “நீதானா?” என்று அதை விசாரித்துவிட்டு முடுக்கினாள். பல்ப் எரிந்து சுவரெல்லாம் மஞ்சளாயிற்று. கீழ் சுவிட்சில் அணைத்தாள், மேல் சுவிட்சில் போட்டாள். “போதும்மா, பல்ப் பாவம்” என்று வாத்தியார் சொல்லும்வரை ஓயவில்லை.

“அடுத்தது மோட்டார்” என்றாள் என்னிடம். “நான் முடிவு பண்ணிட்டேன்.”

“எனக்கே மோட்டார் தெரியாதே.”

“உனக்குத் தெரியாதுன்னு தெரியும். அதான் உன்னைக் கூப்பிடறேன். சேர்ந்து முழிக்கலாம்.”