பழைய பெயர் யாருக்கு

இரண்டு போதும் என்றுதான் சுலோஜனா துண்டில் எழுதித் தந்திருந்தாள். நான் மூன்று அடங்கிய பெட்டியாக வாங்கிக்கொண்டு வந்தேன். தனித்தனியாக இரண்டு வாங்குவதைவிட மூன்று சேர்ந்தது மலிவு. அதிலும் பெட்டியின் மூலை நசுங்கியிருந்ததைக் காட்டி இன்னும் கொஞ்சம் இறக்கவைத்தேன். ஜெர்மன் கடையில் பேரம் பேச முடியாது என்கிறவர்கள் நசுங்கிய மூலையைத் தேடிப் பார்க்காதவர்கள்.

வாங்கியது அக்செஸ் பொயின்ற். சோற்றுக் கோப்பையளவு வெள்ளை வட்டம். முகட்டில் பூட்டிவிட்டால் ரவுட்டரில் இருந்து வரும் வைஃபையைச் சுற்றிவரப் பரப்பும். பெட்டியின் மேல் ஒரு குடும்பத்தின் படம் போட்டிருந்தது. அப்பா கீழ்த்தளத்தில், அம்மா மேல்தளத்தில், பிள்ளை முகட்டறையில். ஆளுக்கொரு கைபேசி, ஆளுக்கொரு சிரிப்பு. "ஒரு வீடு, ஒரு பெயர்" என்று கீழே ஜெர்மனில் எழுதியிருந்தது.

நான் வாங்கியது வீட்டைப் பிரிப்பதற்கு.

சுலோஜனா விவாகரத்துக் கேட்டு மூன்று மாதமாகிறது. இந்த நாட்டில் அதற்கு முதலில் ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். அதற்காக வேறு வீடு தேடி எசன் நகரம் முழுக்க அலையத் தேவையில்லை, ஒரே கூரைக்குள்ளும் பிரியலாம், ஆனால் கட்டிலும் மேசையும் வேறாக இருக்க வேண்டும் என்று அவளுடைய சட்டத்தரணி எழுதியிருந்தார். பிரித்தோம். எனக்குக் கீழ்த்தளம், அவளுக்கு மேல்தளமும் முகட்டறையும். சமையலறைக்கு நேரம் வேறு, குளிர்சாதனப் பெட்டியில் தட்டு வேறு, உடுப்புத் தோய்க்க நாள் வேறு. எஞ்சியிருந்தது இன்ரநெற். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் சுலோஜனா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. எங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்ததும் தன் பெயரில் புது இணைப்பு எடுத்துவிட்டாள். பழைய செப்புக் கம்பி எனக்கு.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்தின் கீழ், ஒரு படிவம் தொங்கியது. எல்லாம் நிரப்பியாயிற்று. பிரிந்த திகதி என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"லைன் பிரியிற அண்டைக்குத் திகதியைப் போடுவன். திங்கக்கிழமை லோயரிட்டக் குடுப்பன்," என்றிருந்தாள்.

அந்தத் திகதியில் இருந்துதான் வருடம் ஓடத் தொடங்கும். அதற்குள் நான் ஒரு சொல் சொன்னால் அது ஓடாது என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. நான் புடவைக்கடையில் வளர்ந்தவன்.

அப்பாவின் கடை வாசலில் மூன்று படி இருந்தது. விலை ஒத்துவராத ஆள் எழும்பிப் போவார். முதல் படியில் கூப்பிட்டால் எங்களுக்குத்தான் அவசரம் என்று தெரிந்துவிடும். தெருவில் இறங்கியபின் கூப்பிட்டால் மரியாதை போய்விடும். இரண்டாம் படியில் கால் வைக்கிறபோது, "இஞ்ச வாங்கோ, ஒரு கதை," என்பார் அப்பா. ஒருநாளும் பிசகியதில்லை. மார்ச் மாதம் சுலோஜனா சமையலறையில் நின்று, "நான் போகப்போறன்," என்று சொல்லிவிட்டுக் கதவடியில் கொஞ்சம் நின்றாள். அதுதான் இரண்டாம் படி. எனக்கு விளங்கியது. வாயையும் திறந்தேன்.

"போறதெண்டால் அந்தக் குப்பையையும் கொண்டுபோம்."

பகிடிக்குத்தான். அவள் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து சட்டத்தரணிக்கு எழுதினாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் உறைப்பதில்லை. பல் டொக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி. கன்னம் என்னுடையதுதான், தட்டினால் சத்தமும் கேட்கிறது, அவ்வளவுதான். வேலைக்குப் போகிறேன். மொத்த விற்பனைக் கடையொன்றின் கொள்வனவுப் பகுதியில் இருந்துகொண்டு மரக்கறிக்காரரோடு கத்தரிக்காய்க்குச் சண்டை பிடிக்கிறேன். வீட்டுக்கு வந்து கீழ்த்தளத்தில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக என்னை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டவள் இப்போது ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கதவைத் தட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறாள்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குத் துவாரகன் வந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், முப்பத்தைந்து வயது, ஒரு நிறுவனத்தில் கணினி வலையமைப்புகளைப் பார்க்கிறான். சனிக்கிழமைகளில் தெரிந்த தமிழர் வீடுகளுக்கு வயர் இழுத்துக் கொடுப்பான்.

"ஒரு மணிக்கு முதல் துளைக்கிறதை முடிக்கோணும் அண்ணை. பிறகு மத்தியான அமைதி நேரம், பக்கத்து வீட்டு மனிசி வந்து நிக்கும்."

"நிக்கட்டும், கதிரை போடுவம். இப்ப இஞ்ச வாற ஆக்களே குறைவு."

கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வீடு முழுக்க நடந்தான். சிக்னலை அளக்கிறானாம். எல்லா எண்ணும் மைனஸில் வந்தது. சைபருக்குக் கிட்ட வரவர நல்லதாம்.

"உங்கட ஹோலில மைனஸ் அம்பது. திறம்." படியேறிப் போய் மேலிருந்து கத்தினான். "இஞ்ச மைனஸ் எழுபத்தெட்டு! கொங்கிறீற் தட்டு அண்ணை, உள்ளுக்க முழுக்கக் கம்பி. கீழ இருக்கிறது ஒண்டும் மேல வராது."

"அதுதானே பாத்தன். இவ்வளவு வருசமா நான் கீழயிருந்து கூப்பிட்டது ஒண்டும் மேல கேக்கேல்லை."

சுலோஜனா படியில் நின்றாள்.

"கேட்டது," என்றாள்.

துவாரகன் இறங்கி வந்து நான் வாங்கிய பெட்டியைப் பிரித்தான். மூன்று வட்டத்தையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தான்.

"நல்ல சாமான் வாங்கியிருக்கிறியள். ஆனால் அண்ணை, இது மூண்டும் சேந்து வேலை செய்யிற செற். வீடு முழுக்க ஒரே பேர். நீங்கள் கதைச்சுக்கொண்டு மேலயும் கீழயும் நடந்தாலும் ஃபோன் தன்ர பாட்டில ஒண்டிலயிருந்து மற்றதுக்கு மாறும், கோல் அறாது. பிறகு என்னத்துக்கு ரண்டு லைன், ரண்டு ரவுட்டர்? மேல வாடகைக்கு விடப்போறியளோ?"

"ஓம். நல்ல ஆள் ஒண்டு கிடைச்சிருக்கு. சத்தம் சந்தடி இல்லை, சமையலும் திறம்."

"இல்லைத் தம்பி," என்றாள் சுலோஜனா. "நாங்கள் ரண்டுபேரும் பிரியிறம்."

துவாரகன் கையில் இருந்த திருகாணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டான். அந்தச் சங்கடத்தை மூடத்தானோ என்னவோ, அவன் உதவி செய்யத் தொடங்கினான்.

"அப்பிடியெண்டாலும் ரண்டு லைன் தேவையில்லை அக்கா. புது லைனையே ரண்டுபேரும் பாவிக்கலாம். ஒராளை மட்டும் காஸ்ட் நெற்றில விட்டால் சரி. வீட்டுக்கு வாற விருந்தாளியளுக்குக் குடுக்கிறது. இன்ரநெற் நல்லா வரும், ஆனால் வீட்டுக்குள்ள இருக்கிற பிறின்ரர், ரீவி ஒண்டும் அந்தாளிட கண்ணுக்குத் தெரியாது."

"ஆர் விருந்தாளி?" என்று கேட்டேன்.

அவன் எங்களை மாறிமாறிப் பார்த்தான்.

"இல்லை, சாப்பாடும் போடுவினமெண்டால் எனக்குச் சம்மதம்," என்றேன்.

"இது," என்றாள் சுலோஜனா. எனக்குச் சொல்லவில்லை, துவாரகனுக்கும் சொல்லவில்லை. "இதைத்தான் நான் சொல்லுறது." படியில் ஏறினாள். பாதியில் நின்று, "ரண்டு லைன் தம்பி. ரண்டாகவே போடுங்கோ," என்றாள்.

கண்ணாடி இழை நிலவறைக்குள் வந்து ஒரு சின்னப் பெட்டியில் முடிந்திருந்தது. அங்கிருந்து கேபிளை, சுடுநீர்க் குழாய் போகிற பொந்து வழியாக, என் தளத்தைத் தொடாமல் மேலே கொண்டுபோக வேண்டும். அவன் துளைத்தான். நான் தூசு விழாமல் தூசு உறிஞ்சியின் வாயைத் துளைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டில் என்னைச் சுற்றிக்கொண்டு போகிற கேபிளுக்கு நானே வழிவிட்டேன். அதுவும் உறைக்கவில்லை. மேலே முகட்டில் வட்டத்தைப் பூட்டியபோது ஏணியின் ஒரு காலை நான் பிடித்தேன், மற்றக் காலை அவள் பிடித்தாள். அவளுடைய விரலில் மோதிரம் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. துவாரகன் இறங்கியதும் இரண்டுபேரும் ஒரே நேரத்தில் ஏணியை விட்டோம்.

பன்னிரண்டரைக்குத் துளைக்கிற வேலை முடிந்தது. மேல்தளத்தில் அவளுடைய புது ரவுட்டர், மேலேயும் முகட்டறையிலும் ஒவ்வொரு வட்டம். கீழே ஹோலில் எனக்கொரு புது ரவுட்டர். மூன்றாவது வட்டம் பெட்டிக்குள் கிடந்தது.

"இதையும் கீழ போட்டுவிடட்டோ அண்ணை?"

"ஒரு ஆளுக்கு என்னத்துக்கு? இருக்கட்டும்."

துவாரகன் மேசையில் மடிகணினியை விரித்து வைத்துக்கொண்டு எங்கள் இரண்டுபேரையும் கூப்பிட்டான்.

"இனி வைஃபைக்குப் பேர் வைக்கிறதுதான் மிச்சம். ஒரு விஷயம். பழைய பேர் ஒண்டு கிடக்குது, சிறிசுலோ எண்டு."

அது பிருந்தா வைத்த பெயர். எங்கள் மகள். பத்து வயதில், எங்கள் இரண்டுபேரின் பெயரையும் வெட்டி ஒட்டி வைத்தாள். இப்போது ஆஹென் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மாதம் ஒருமுறை வருகிறாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அவளுடைய கைபேசி அந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளும்.

"இதில இருபத்தி மூண்டு சாமான் ஒட்டியிருக்கு," என்றான். "பழைய பேரையும் பாஸ்வேர்டையும் ஒரு ரவுட்டருக்கு அப்பிடியே குடுத்தால், எல்லாம் தன்ர பாட்டில வந்து அந்த ஆளிட்ட ஒட்டும். மற்ற ஆள்தான் ஒவ்வொண்டுக்கும் புதுசா அடிக்கோணும். பழைய பேரை ஆர் எடுக்கிறியள்?"

கடை பிரிக்கிற அண்ணன் தம்பிமாரை நான் பார்த்திருக்கிறேன். அலுமாரி, தராசு, துணிக்கட்டு எல்லாவற்றையும் அரை மணித்தியாலத்தில் பிரித்துவிடுவார்கள். பெயர்ப்பலகை என்று வருகிறபோதுதான் வழக்குப் போடுவார்கள். ஏனென்றால் பலகைதான் கடை, மற்றதெல்லாம் வெறும் சாமான். இது தெரிந்தவன் அந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டும். எனக்குத் தாருங்கள் என்றாவது கேட்டிருக்கலாம். ஒருவரும் எடுக்கவேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கலாம்.

சுலோஜனா என்னைப் பார்த்தாள். நான் மடிகணினியின் விசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வேண்டாம்," என்றாள், கொஞ்சம் பிந்தி.

"எனக்கும் வேண்டாம்," என்றேன்.

"அப்ப... அழிக்கட்டோ?"

அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு விரலால் அழுத்தினான். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூலையில் நின்ற தரை கூட்டுகிற மெசின், இணைப்பு அறுந்துவிட்டது என்று ஜெர்மன் பெண்குரலில் அறிவித்தது.

அவவுக்காவது கவலை இருக்கு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அப்படி ஒன்று வந்து நான் சொல்லாமல் விட்டது எனக்கு நினைவு தெரிய அதுதான் முதல் முறை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் தன்னுடையதற்குச் சுலோஜனா என்று மட்டும் வைத்தாள். என்னுடையது, கொம்பனி போட்டு அனுப்பிய இலக்கத்தோடேயே இருக்கட்டும் என்றேன்.

"பிருந்தா வந்தால்?" என்று துவாரகன் கேட்டான்.

"ரண்டு பாஸ்வேர்டையும் குடுப்பம்," என்றாள் சுலோஜனா.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவன் புறப்பட்டான். அவள் தன் தட்டில் இருந்து ரோல்ஸ் எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். நான் என் தட்டில் இருந்து மாம்பழச் சாறு எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வீட்டுப் பொதியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "வாறன் அண்ணை, வாறன் அக்கா," என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அவள் மேலே போனாள். நான் நிலத்தில் கிடந்த கேபிள் துண்டுகளைப் பொறுக்கினேன். என் கைபேசி இன்னமும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. புதியது பக்கத்தில் முழுப் பலத்தோடு நின்றது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த நீண்ட இலக்கத்தை ஒவ்வொன்றாக அடித்தேன். ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. இறங்கி வந்தாள். நேரே குளிர்சாதனப் பெட்டிக்குப் போய்ப் படிவத்தின் முன்னால் நின்றாள். ஒரு கையில் பேனை, மறு கையில் கைபேசி.

"இஞ்சாருங்கோ."

மூன்று மாதத்துக்குப் பிறகு. வாய்ப் பழக்கமாகவும் இருக்கலாம்.

"ஓம்?"

"இண்டைக்கு எத்தினையாம் திகதி?"

கைபேசியின் முகப்பில் திகதி பெரிய எழுத்தில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே வாசிக்க முடிந்தது. எழும்பிப் போன ஆள் இரண்டாம் படியில் நின்று திரும்பி, தொங்குகிற ஏதோ ஒரு துவாயைக் காட்டி, இது என்ன விலை என்று கேட்பதுண்டு. துவாய்க்காக யாரும் அப்படிக் கேட்பதில்லை. அது அப்பாவுக்கு மட்டுமல்ல, கடையில் துணி மடித்து வைத்த எவருக்கும் தெரியும்.

எனக்கும் தெரிந்தது. எங்கேயோ தூரத்தில், மரத்த கன்னத்துக்கு அந்தப் பக்கம், தெரிந்தது.

"பதினாலு," என்றேன்.

அவள் எழுதவில்லை. பேனையைப் பிடித்தபடி நின்றாள்.

"யூன் பதினாலு," என்றேன். "சனிக்கிழமை." கிழமையைக் கொசுறாகச் சேர்த்தேன்.

அவள் திரும்பிக் கதவில் தொங்கிய படிவத்தில் பேனையை வைத்தாள். கீறினாள். மை வரவில்லை. உதறிவிட்டுத் திரும்பவும் கீறினாள். கடதாசியில் வெறும் தடம் மட்டும் விழுந்தது.

"நிமித்திவைச்சு எழுதினால் பேனை எழுதாது," என்றேன். "மேசையில வைச்சு எழுதும்."

காந்தத்தை எடுத்தாள். படிவத்தைக் கொண்டுவந்து, பெட்டிக்குள் மிஞ்சிக் கிடந்த மூன்றாவது வட்டத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, மேசையில் விரித்தாள். குனிந்து எழுதினாள்.

இந்த முறை எழுதியது.